கட்டமாத்தானே இருக்கு

ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு நானும் நண்பனும் அதே கடையில் தே தாரேக் சொல்லி உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பக்கத்து மேசைக்காரர் எழுந்து கல்லாவுக்குப் போனார். கைப்பேசியை எடுத்து எங்கள் ஸ்டிக்கருக்கு நேராகப் பிடித்தார்.

நண்பன் என் தொடையில் தட்டினான். "பார்றா, மொத ஆளு!"

அவர் திரையைப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். மறுபடியும் பிடித்தார். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "அண்ணே, காசு கட்டுற எடமே வரல. யாரோ பாட்டி படம் வருது" என்றார்.

கடைக்காரர் எங்களைப் பார்த்தார். திட்டவில்லை. "தம்பி, அத கொஞ்சம் தள்ளி ஒட்டுங்க. என் ரெண்டு வெள்ளி ஒங்க பாட்டிகிட்ட போயிடுச்சுன்னா நான் யார கேக்குறது?" என்றார். கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் முழுசாகப் புரிந்தது. ஒரு கட்டத்தை ஒருவர் நம்பி ஸ்கேன் செய்கிறார். அது அவரை யாரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது? அதற்கு யார் பொறுப்பு?

பினாங்கு ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவைச் சுற்றி நாங்கள் கியூஆர் கோடு ஒட்டித் திரிந்த கதை இது. ஒரு வலையொலியை நாலு பேர் கேட்கட்டும் என்றுதான் ஒட்டினோம். எழுதும்போது வலையொலி, பேசும்போது பாட்காஸ்ட். அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இந்தக் கட்டுரையும் ஒரு ஸ்டிக்கராகிவிடக் கூடாது.

*

நண்பனுக்கு பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை, ஷிஃப்ட் கணக்கு. எனக்கு அலுவலக வேலை. அவனுக்கு லீவு கிடைக்கும் ஞாயிறுகளில் ஜார்ஜ்டவுனில் வாழ்ந்த பெரியவர்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்தோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், லெபோ பசாரில் துணிக்கடைக் கணக்கெழுதியவர், சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழித்தவர். கைப்பேசியில் செருகும் சின்ன மைக் ஒன்றுதான் எங்கள் ஸ்டூடியோ. காற்றாடியை நிறுத்தச் சொன்னால் பெரியவர்களுக்கு வியர்க்கும், நிறுத்தாவிட்டால் பதிவில் ஹோவென்று இரைச்சல். பெரும்பாலும் காற்றாடியே ஜெயித்தது.

பதினொரு பாகம் வெளியிட்டபோது கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதிலும் பாதி என் சொந்தக்காரர்கள். அவர்களும் கேட்டார்களா, லைக் மட்டும் போட்டார்களா தெரியாது.

இந்த ஊரில் வானொலித் தமிழுக்கு நீண்ட வயது. 1934-இல் பினாங்கு வயர்லெஸ் சொசைட்டி என்ற அமைப்பு இங்கிருந்து ஒலிபரப்பத் தொடங்கியபோதே மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் இருந்தது. எங்கள் பாகங்களில் பேசிய பலருக்கும் வானொலி என்றால் ஒரு பெட்டி இல்லை, ஒரு சத்தம். எதிர்க்கடையில் ஓடும், மாடி வீட்டில் ஓடும், நடந்து போகிறவன் காதில் தானாக விழும். விருப்பம் இல்லாதவனும் பாதிப் பாட்டு கேட்டுவிடுவான்.

பாட்காஸ்டுக்கு அந்தத் தெரு இல்லை. அது ஒவ்வொருவர் காதுக்குள்ளும் தனித்தனியாக ஓடுகிறது. தேடுகிறவனுக்குத்தான் கிடைக்கும், தேட வேண்டுமென்றால் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்க வேண்டும். பேருந்தில் என் பக்கத்தில் இருப்பவர் எங்கள் பாகத்தைக் கேட்டுக்கொண்டு வந்தாலும் எனக்குத் தெரியாது. தற்செயலாகக் காதில் விழுவது என்ற ஒன்றே இல்லை.

"அப்ப தெருவுக்குக் கொண்டு போவோம்" என்றான் நண்பன். "கோடு போட்டு ஒட்டுவோம்."

*

கியூஆர் கோடு தெருவுக்காகப் பிறந்ததில்லை. 1994-இல் ஜப்பானில், டொயோட்டா குழுமத்துக்கு உதிரிப் பாகங்கள் செய்யும் டென்சோ நிறுவனத்தில், மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரும் அவருடைய சிறு குழுவும் உருவாக்கியது. பழைய பார்கோடுக்குள் இருபது எழுத்து அளவுக்குத்தான் அடங்கும். ஒரே பெட்டிக்குத் தொழிலாளிகள் பல பார்கோடுகளை மாற்றி மாற்றி ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கை வலியிலிருந்து வந்ததுதான் இந்தக் கட்டம். கோ என்ற ஆட்டத்தின் கறுப்பு வெள்ளைக் காய்களைப் பார்த்து யோசனை வந்ததாக ஹாரா சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பிடித்தது மூலைகளில் இருக்கும் மூன்று சதுரங்களின் கதை. கேமரா ஒரு பக்கத்தைப் பார்க்கும்போது, இது படம், இது எழுத்து, இதுதான் கோடு என்று எப்படிப் பிரிக்கும்? அச்சில் வேறெங்கும் அதிகம் வராத ஒரு கறுப்பு வெள்ளை அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஹாராவின் குழு விளம்பரத் தாள்கள், பத்திரிகைகள், அட்டைப் பெட்டிகள் என்று கிடைத்த அச்சையெல்லாம் அலசியது. கடைசியில் கிடைத்த விகிதம் 1:1:3:1:1. அந்தச் சதுரத்தை எந்தப் பக்கமிருந்து குறுக்கே வெட்டினாலும் கறுப்பும் வெள்ளையும் அதே அளவில் மாறி மாறி வரும். அதனால்தான் தலைகீழாகப் பிடித்தாலும் வேலை செய்கிறது. காப்புரிமை இருந்தும் அதைக் காட்டி யாரிடமும் காசு கேட்பதில்லை என்று டென்சோ முடிவெடுத்தது. உலகம் முழுக்கப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மலேசியாவில் இதைப் பாட்டி தாத்தா வரைக்கும் கொண்டுபோனது கோவிட். 2020-இல் மைசெஜாத்ரா வந்தது. அதன் பிறகு எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் வாசலில் ஒரு தாள், அதைப் பிடிக்காமல் உள்ளே விடமாட்டார்கள். 2022 மே 1-லிருந்து அது தேவையில்லை என்றானது. ஆனால் பழகிய விரல் பழகியதுதான். அதே காலத்தில் டூயிட்நவ்வின் இளஞ்சிவப்பு அட்டை ஒட்டுக்கடை வரைக்கும் வந்துவிட்டது. இப்போது செண்டோல் விற்பவரிடமும் ஒன்று தொங்குகிறது. இந்த ஊரில் கட்டம் என்றால் இரண்டே அர்த்தம்தான். முன்பு "உள்ளே வரலாமா", இப்போது "காசு கட்டு". மூன்றாவதாக "கொஞ்சம் கேளுங்க" என்று ஒரு அர்த்தத்தை நாங்கள் நுழைக்கப் பார்த்தோம். தே தாரேக் கடையில் நடந்தது அந்தக் குழப்பம்தான்.

இன்னொரு பயமும் இருந்தது. கடைக்காரரின் கோடு மேலே வேறு கோட்டை ஒட்டி வரும் காசைத் திருப்பிக்கொள்ளும் மோசடியைப் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருந்தார்கள். நாங்கள் ஸ்டிக்கரோடு போய் நின்றாலே, "ஸ்கேம் இல்லையே தம்பி?" என்பதுதான் முதல் கேள்வி. பொதுச் சுவரிலோ மின்கம்பத்திலோ ஒட்டக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். அது தப்பு என்பது ஒரு பக்கம். அங்கே ஏற்கெனவே ஆலோங் வட்டிக்காரர்களின் ஸ்டிக்கர்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டியின் குரலை ஒட்ட மனசு வரவில்லை. எனவே கடைக்குள், கேட்டுக்கொண்டு, அவர்கள் காட்டிய இடத்தில் மட்டும்.

*

படத்தில் இருந்த பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஏழாம் பாகம் அவர். பட்டர்வொர்த் பக்கம் ஒரு அடுக்குமாடியில் மகளோடு இருந்தார். அவர் வாழ்ந்ததெல்லாம் இந்தப் பக்கம், லெபோ சூலியாவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டின் மாடியில். ஒரு தட்டிக்கு இந்தப் பக்கம் அவர் குடும்பம், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். கணவர் துறைமுகத்தில் கூலி. 1969-இல் பினாங்கு சுங்கவரியில்லாத் துறைமுகம் என்ற நிலையை இழந்த பிறகு வேலை குறைந்தது. பாட்டி விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புட்டுமாயம் பிழிந்து விற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்தார். பிழியும் கட்டை உடைந்துபோன ஒரு காலையில் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி கதவு தாழ்ப்பாளை அறுத்துக் கொடுத்து உதவிய கதையை நாற்பது நிமிடத்தில் மூன்று முறை சொன்னார். மூன்றும் மூன்று விதம். நாங்கள் மூன்றையும் வெட்டாமல் வைத்தோம்.

வெள்ளிக்கிழமை ஃபெரி ஏறி லெபோ குயின் மாரியம்மன் கோயிலுக்கு வருவார். அந்தப் பழைய ஃபெரியில் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போகத்தான் காசு வாங்குவார்கள், திரும்பும்போது இல்லை. "எங்க ஊருக்குப் போறதுக்கு நாந்தான் காசு குடுக்கணும். வெளிய போறதுக்கு இனாம்" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

பதிவு முடிந்ததும் நண்பன் மாதிரிக்கு அச்சடித்த கோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தான். "பாட்டி, இதுதான் கோடு. இத ஸ்கேன் பண்ணா ஒங்க கொரலு வரும்."

பாட்டி தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "எங்கப்பா கோடு? கட்டமாத்தானே இருக்கு?"

நாங்கள் சிரித்தோம். அவர் சொன்னதுதான் சரியான தமிழ். கோடு என்றால் கோடுதானே.

*

ஒட்டுவதற்கு முன் அச்சிலேயே நாங்கள் நிறையக் கற்றுக்கொண்டோம். நண்பனுக்கு மஞ்சளில் வேண்டும், பார்க்க மங்களகரமாக இருக்கும் என்றான். வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடு எந்தக் கைப்பேசிக்கும் தெரியவில்லை. கறுப்புக்கே திரும்பினோம். ஓரத்தில் நாலு கட்டம் அகலத்துக்கு வெள்ளை இடம் விட வேண்டும். நாங்கள் அழகுக்கு ஒரு பூச்சட்டம் போட்டு அதையும் கெடுத்தோம். எட்டாத உயரத்தில் ஒட்டினால் கோடு பெரிதாக வேண்டும். ஒரு மீட்டர் தூரத்திலிருந்து பிடிப்பதென்றால் பத்து சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது அச்சுக்காரர்களின் கைக்கணக்கு. உள்ளே இருக்கும் முகவரி நீளமானால் கட்டங்கள் பொடிந்து நெருங்கிவிடும், குறுகிய முகவரி வேண்டும்.

அந்தக் குறுகிய முகவரியில்தான் நான் தவறினேன்.

கோடு இரண்டு வகை. ஒன்றில், போக வேண்டிய முகவரியே கட்டங்களுக்குள் இருக்கும். அந்தப் பக்கம் இணையத்தில் இருக்கும்வரை கோடும் வேலை செய்யும், நடுவில் யாரும் இல்லை. இன்னொன்றில், கோடு செய்து தரும் நிறுவனத்தின் ஒரு சிறு முகவரிதான் உள்ளே இருக்கும். ஸ்கேன் செய்தால் முதலில் அவர்கள் வாசலுக்குப் போய், அங்கிருந்து நம் பக்கத்துக்குப் போகும். இரண்டாவதில் வசதி அதிகம். எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள், எந்த ஊரிலிருந்து, எந்த மொழிக் கைப்பேசி என்றெல்லாம் காட்டும். அச்சடித்த பிறகும் உள்ளே போகும் பக்கத்தை மாற்றலாம். கட்டங்களும் பெரிதாக, அழகாக இருக்கும். இலவசம் என்று போட்டிருந்தது. நான் அதை எடுத்தேன். கீழே பொடி எழுத்தில் என்ன இருந்தது என்று படிக்கவில்லை.

*

முதல் மாதம் கணக்கைப் பார்த்து ஆடிப்போனோம். ஸ்கேன் முன்னூறைத் தாண்டியிருந்தது. ஆனால் பாகங்களைக் கேட்டு முடித்தவர்கள் இரண்டு கை விரலுக்குள். மற்றவர்கள் வந்த வேகத்தில் போயிருந்தார்கள்.

கைப்பேசி மொழிப் பட்டியலைத் திறந்தபோதுதான் விளங்கியது. ஆங்கிலம், சீனம், கொரியம், ஜெர்மன். சுற்றுலாப் பயணிகள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு ஜார்ஜ்டவுனில் எதைப் பார்த்தாலும் படமெடுக்கும் கூட்டம் உண்டு. 2012-இல் எர்னஸ்ட் சக்கரேவிச் லெபோ ஆர்மேனியனில் சைக்கிள் பிள்ளைகளை வரைந்த பிறகு சுவரெல்லாம் காட்சிப் பொருள். எங்கள் கோட்டையும் ஒரு புதையல் வேட்டை என்று நினைத்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள். திறந்தால் புரியாத மொழியில் ஒரு பாட்டி.

அப்படியானால் தமிழ் கேட்பவர்கள் எங்கே? இதற்கு விடை எங்கள் பதிவுகளிலேயே இருந்தது. எடிட் செய்யும்போது பல தடவை கேட்டும் என் மண்டையில் ஏறவில்லை. 1966-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கட்டிப்போட்டிருந்தது. அதனால்தான் கூலிக்காரர்களும் சிறு வியாபாரிகளும் நகரத்தின் நடுவில் குடியிருக்க முடிந்தது. அந்தச் சட்டம் விலக்கப்பட்டு, 2000 ஜனவரி 1-லிருந்து வாடகை அவிழ்ந்துவிட்டது. ஒரே வருடத்தில் சந்து சந்தாகக் காலியானது. பாட்டி ஃபெரி ஏறியது அப்போதுதான். கதை நடந்த இடத்தில் கோட்டை ஒட்டியிருந்தோம், ஆனால் கதைக்குச் சொந்தக்காரர்கள் அங்கே இல்லை. அவர்கள் வேலைக்கும் கோயிலுக்கும் சாமான் வாங்கவும் வந்துவிட்டு மாலை வீட்டுக்குப் போகிறவர்கள்.

இரண்டு விஷயம் மாற்றினோம். ஒன்று, கோட்டுக்கு மேலே தமிழில் ஒரு வரி. முதல் ஸ்டிக்கரில் கோடும் படமும் மட்டும்தான் இருந்தது, சுத்தமாக இருக்கும் என்று. இப்போது "இது காசு கட்டும் கோடு இல்லை. இந்தச் சந்தில் புட்டுமாயம் விற்ற பாட்டி பேசுகிறார். நாற்பது நிமிடம்" என்று பெரிய எழுத்தில் போட்டோம். கட்டத்துக்கு மொழி கிடையாது. பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தால்தான் அது யாரைக் கூப்பிடுகிறது என்று தெரியும். அதைப் படிக்க முடிந்தவர் மட்டும் ஸ்கேன் செய்தார். ஸ்கேன் கணக்கு பாதிக்குக் கீழே இறங்கியது. கேட்டவர்கள் கூடினார்கள்.

இரண்டாவது, இடம். நடக்கிற இடத்திலிருந்து எடுத்துக் காத்திருக்கிற இடத்துக்குக் கொண்டு போனோம். முடிவெட்டும் கடை, தையல் கடை, துணி துவைக்கும் மெஷின் கடை. முடிவெட்டும் கடைதான் ஜெயித்தது. ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் காத்திருக்கும் ஆண்களுக்குச் செய்ய வேறு வேலை இல்லை. கடைக்கார அண்ணன் ஒரு நாள் தானே ஸ்கேன் செய்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். சவரம் பாதியில் இருக்க ஒருவர், "இந்த அம்மா கையால நான் சாப்பிட்டிருக்கேன்" என்று எழுந்தே விட்டாராம். அண்ணன் அதைச் சொல்லும்போது, "காது போயிருக்கும் தம்பி, நல்ல வேளை" என்றார்.

ஸ்பீக்கரில் போட்ட அந்த அரைமணி நேரம் எங்கள் கணக்கில் 'ஒருவர்' என்றுதான் பதிவாகியிருக்கும். கடையில் எட்டு பேர் இருந்தார்களாம்.

*

மறு வருடம் பாட்டி தவறிப்போனார். மகள் எனக்குப் போன் செய்து சொன்னார். போயிருந்தேன். காரியமெல்லாம் முடிந்த பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "தம்பி, பதினாறாம் நாளுக்கு அட்டை அடிக்கிறோம். அதுல அம்மாவோட அந்தக் கட்டத்தப் போடலாமா? வர்றவங்க கேப்பாங்கல்ல?"

எனக்குத் தொண்டை அடைத்தது. அன்று இரவே கோட்டை அனுப்பினேன். ஏற்கெனவே ஒட்டியிருந்த அதே கோடு. ஒரு பக்கம் பாட்டியின் படம், பிறந்த நாள், மறைந்த நாள். மறு பக்கம் கோடு. இருநூறு அட்டை அடித்தார்கள். பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்று காதில் வைத்துக் கேட்டதைப் பார்த்தேன். தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு பெரியம்மா போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வீடியோ கால் என்று நினைத்தாரோ என்னவோ, "ஆமாக்கா, ஆமாக்கா" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஃபெரி ஏறினேன்.

ஐந்து வாரம் கழித்து அக்கா மறுபடியும் அழைத்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"தம்பி, அம்மா கொரலு வரலையே."

"நெட் இல்லையோ என்னவோக்கா. வைஃபைய பாருங்க."

"இல்லப்பா. ஏதோ இங்கிலீஷ்ல வருது. காசு கட்டச் சொல்ற மாதிரி இருக்கு. ஈப்போவுலேர்ந்து எங்க சித்தப்பா மகன் கூப்பிட்டுக் கேக்குறாரு, அட்டையில ஏன் காசு கேக்குறீங்கன்னு."

என் வீட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து பார்த்தேன். இந்தக் கோடு நிறுத்தப்பட்டிருக்கிறது, கோட்டின் உரிமையாளர் கட்டணத் திட்டத்துக்கு மாறினால் திரும்ப இயங்கும் என்று அழகான எழுத்தில் வந்தது. இலவசம் என்பது ஒரு குறிப்பிட்ட ஸ்கேன் எண்ணிக்கை வரைக்கும்தான். பாட்டியின் பதினாறாம் நாளுக்கு வந்தவர்களும் அவர்களுடைய சொந்தங்களும் கேட்டுக் கேட்டு அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் கேட்டதாலேயே குரல் அடைபட்டது.

பதிவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது இணையத்தில் பத்திரமாக இருந்தது, தேடினால் கிடைக்கும். ஆனால் அட்டையைக் கையில் வைத்திருக்கும் எழுபது வயதுக்காரருக்கு இதை எப்படிச் சொல்வது? அவருக்குத் தெரிந்த வழி அந்தக் கட்டம் ஒன்றுதான். இந்த அனுபவம் எனக்கு மட்டும் உரியதில்லை என்பதும் தெரியும். 2024-இல் கூகுள் தன்னுடைய பாட்காஸ்ட் செயலியையே மூடியது. அந்தச் செயலிக்கு நேராகப் போகும்படி அச்சான கோடுகளுக்கும் இதே கதிதான். காகிதத்தில் அச்சடித்துவிட்டோம் என்பதால் நாம் அதை நிரந்தரம் என்று நினைக்கிறோம். கட்டத்தில் முப்பது சதவீதம் வரை கிழிந்தாலும் அழிந்தாலும் மீதியை வைத்துப் படித்துக்கொள்ளும்படி செய்ய முடியும். அவ்வளவு கெட்டியான கணக்கு அதற்குள் இருக்கிறது. ஆனால் நடுவில் நிற்பவர் கதவைச் சாத்தினால் அந்தக் கணக்கால் ஒன்றும் செய்ய முடியாது.

நண்பனிடம் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வாடகை வீட்டுல கொண்டுபோய் வெச்சிருக்கோம்டா பாட்டிய" என்றான்.

வாடகை கட்ட முடியாமல் ஒருமுறை அந்தச் சந்திலிருந்து வெளியேறியவர் அவர். இரண்டாம் முறைக்குக் காரணம் நான்.

*

பிறகு செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். சொந்தமாக ஒரு முகவரி வாங்கினோம், வருடத்துக்கு ஒரு குடும்பம் நாசி கண்டார் சாப்பிடும் செலவுதான். நடுவில் யாரும் இல்லாத கோடுகளை நாங்களே செய்தோம். அதற்குக் காசே தேவையில்லை. யார், எங்கே, எந்த மொழி என்ற கணக்கு இனி வராது, பரவாயில்லை. கோட்டுக்குக் கீழே முகவரியை எழுத்திலும், பாகத்தின் பெயரைத் தமிழிலும் அச்சடித்தோம். கட்டம் செத்தாலும் பெயரைச் சொல்லிக் கேட்க யாராவது இருப்பார்கள். பக்கத்தில் செயலிகளின் பட்டியலை எடுத்துவிட்டு ஒரே ஒரு பெரிய பொத்தான் வைத்தோம், அமுக்கினால் பேசும். பழைய ஸ்டிக்கர் இருந்த கடைகளுக்கெல்லாம் ஒரு சனிக்கிழமை நடந்தே போய் மேலேயே புதியதை ஒட்டினோம். தே தாரேக் கடைக்காரர், "ஒங்க பாட்டிக்கு மறுபடியும் எடம் மாத்தமா?" என்றார். ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

அக்காவுக்கு ஒலிப்பதிவையே வாட்ஸாப்பில் அனுப்பினேன். அவர் குடும்பக் குழுவில் போட்டார். ஒரே இரவில் அது எங்கெங்கோ போனது. இரண்டு வருடம் நாங்கள் ஒட்டிய எல்லாக் கோடும் கொண்டுவராத அளவுக்கு ஆட்கள் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எண்ணிப் பார்க்க வழியில்லை. ஒரு பென்டிரைவிலும் போட்டுக் கொடுத்தேன். அக்கா அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, பாட்டியின் அடையாள அட்டையோடு வைத்திருக்கிறார்.

ஆனால் அந்த இருநூறு அட்டைகளை என்ன செய்வது? சுவரில் உள்ளதை மறைத்து ஒட்டலாம். தைப்பிங்கிலும் ஈப்போவிலும் சுங்கை பட்டாணியிலும் யார் யார் வீட்டுச் சாமி மேடையிலோ, பர்ஸிலோ, பைபிளுக்குள்ளோ இருப்பதை எங்கே போய்த் தேடுவேன்? அக்கா ஒரு முறைகூட என்னைக் குறை சொல்லவில்லை. "விடு தம்பி, அட்டையில படம் இருக்குல்ல" என்றுதான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். ஒரு இறந்தவரின் நினைவட்டை, இந்த ஒரு கோட்டை மட்டும் திறந்துவிட முடியுமா என்று. மரியாதையாகப் பதில் வந்தது. எனக்கு ஏற்ற திட்டம் எது என்று விளக்கியிருந்தார்கள்.

எடுத்துக்கொண்டேன். மாதம் ஐம்பது வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. நண்பன் இதை முட்டாள்தனம் என்கிறான், அவன் கணக்கு சரிதான். அந்தப் பழைய கோடு இப்போது வேலை செய்கிறது. மாதக் கடைசியில் அறிக்கை வருகிறது. பெரும்பாலும் பூஜ்ஜியம். சில மாதம் ஒன்று, இரண்டு. போன தீபாவளி மாதத்தில் ஒன்பது.

பாகத்தின் கடைசியில், மைக்கை நிறுத்த மறந்துபோனதால், பாட்டி தாளைப் பார்த்துக் கேட்டதும் பதிவாகியிருக்கிறது. "எங்கப்பா கோடு? கட்டமாத்தானே இருக்கு?" அந்த ஒன்பது பேரில் அதுவரைக்கும் கேட்டவர் யாராவது இருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இந்த மாத வாடகையையும் கட்டிவிட்டேன்.